நான் நகர்த்திய பதினாறு நிமிடம்

போன மாதம் காயத்ரி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாலைந்து வருடம் நான் கடைசியாக இருந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது அங்கே அவள்தான் பொறுப்பு நர்ஸ். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்திருக்கிறது. காலை ஒன்பது பன்னிரண்டிலிருந்து ஒன்பது இருபத்துநாலுக்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டுமாம். டாக்டருக்கு முந்தின ஆபரேஷன் இழுத்துவிட்டது. குழந்தை வெளியே வந்தபோது மணி ஒன்பது முப்பத்தொன்று. "ஒம்பது இருபதுன்னு போட்டுருங்க சிஸ்டர், இதுல யாருக்கு என்ன நட்டம்" என்று தாத்தா கேட்டிருக்கிறார். இவள் முடியாது என்றதும் வார்டே இரண்டுபட்டிருக்கிறது.

"நீங்களா இருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"எந்த வருசத்துப் பாவாயியக் கேக்கற?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை நீளமாகப் போகிறது. என்ன செய்ய, முப்பத்தாறு வருடம் கேஸ் ஷீட்டில் நாலு வரிக்கு மேல் எழுதாத கை.

என் ஊர் ராசிபுரத்துக்குத் தெற்கே. காடும் கிணறும் உள்ள குடும்பம். அப்பா படிக்க வைக்கத் தயங்கினார், அம்மா தயங்கவில்லை. மூன்று வருடம் நர்சிங், ஒரு வருடம் மருத்துவச்சிப் பயிற்சி, பிறகு அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் கொஞ்ச காலம். இதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எழுபதுகளின் நடுவில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெண் டாக்டர் நடத்திவந்த பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். பதினெட்டுக் கட்டில், ஒரு பிரசவ அறை, ஒரு மேட்ரன்.

மேட்ரன் பெயர் ஹமீதா பீவி. சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவர், நூல் வியாபாரக் குடும்பம். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டுப் பெண் நர்சாவது என்பது சின்ன விஷயம் இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. திட்டவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் நிற்க வேண்டும். சில நாள் கண்ணாடி அப்பழுக்கில்லாமல் ஆன பிறகும் துடைத்துக்கொண்டே இருப்பார்.

பிரசவ அறைச் சுவரில் ஒரு கடிகாரம். தினமும் காலை வானொலிச் செய்தி தொடங்கும்போது மேட்ரன் அதற்குச் சாவி கொடுத்து முள்ளைச் சரிசெய்வார். வேறு யாரும் தொடக்கூடாது. அதன் கீழே மேசையில் பிரசவப் பதிவேடு. தாயின் பெயர், தகப்பன் பெயர், ஊர், மதம், பிறந்த மணி, எடை, பிரசவம் பார்த்தவர் கையெழுத்து. மையில்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் சுரண்டவோ மேலே அழுத்தி எழுதவோ கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, அடித்தது படிக்கிற மாதிரி விட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் காரணத்தோடு கையெழுத்துப் போட வேண்டும். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும்.

அவர் வாழ்க்கையும் அப்படித்தான் அளந்து போனது. அடுத்த தெருப் பள்ளிவாசலில் சாயங்கால பாங்கு கேட்டதும், கை வேலையை எங்களிடம் கொடுத்துவிட்டுத் துணி வைக்கும் அறைக்குப் போவார். பத்து நிமிடத்தில் தொழுதுவிட்டுத் திரும்புவார். ரொம்ப ஆபத்தான கேஸ் என்றால் மட்டும் போகமாட்டார்.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன். பிறந்த மணி என்பது கேட்கிறவர்கள் நினைக்கிற மாதிரி ஒரு புள்ளி இல்லை. தலை வெளியே வரும் நேரம் ஒன்று. உடம்பு முழுதும் வருவது ஒன்று. அழுவது, கொடி அறுப்பது என்று இன்னும் இரண்டு. ஜோசியர்களுக்குள்ளேயே எதைக் கணக்கில் எடுப்பது என்று சண்டை உண்டு. மேட்ரன் விதி, உடம்பு முழுதும் வெளியே வந்த நிமிடம். என் விதி கொஞ்சம் இளகியது. சுவரில் தினசரி காலண்டரும் தொங்கும். அதில் நட்சத்திரம் எத்தனை மணிவரை என்று அச்சாகியிருக்கும். பெண் குழந்தை மூல நட்சத்திரத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது என்று கல்யாணம் தட்டிப்போகும். பக்கத்திலேயே நல்ல நட்சத்திரம் இருந்தால் நான் அஞ்சு நிமிடம் முன்னே, பத்து நிமிடம் பின்னே என்று எழுதிவிடுவேன். நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் தன் பேத்திக்கு நான் போட்டுக்கொடுத்த மணியை ஜோசியர் மெச்சினார் என்று ஒரு தார் வாழைப்பழம் அனுப்பினார். ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் வீட்டு அம்மா, "பாவாயி சிஸ்டர் கைராசிக்காரிங்க, மணி பார்த்துப் போடுவாங்க" என்று ஊரெல்லாம் சொன்னார். எனக்கும் அது பிடித்திருந்தது. புண்ணியம் செய்வதாகத்தான் நினைத்தேன்.

அப்படி இருக்கும்போது வந்தவள்தான் சிப்போரா. கணவர் ஐசக், கேரளத்துக்காரர். எர்ணாகுளத்துத் துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்காக இந்தப் பக்கத் தறிகளுக்குப் போய்ச் சரக்கைச் சோதித்து வாங்குகிற வேலை. ஃபேர்லேண்ட்ஸிலேயே, எங்கள் நர்ஸ் விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. பெயர்களைக் கேட்டதும் எங்கள் கிளார்க் மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டார். சிப்போரா எட்டிப் பார்த்து, "அதல்ல, யூதர் என்னு எழுதணும்" என்றாள். கிளார்க் என்னைப் பார்த்தார், நான் மேட்ரனைப் பார்த்தேன். யூதர் என்றால் பைபிள் காலத்தோடு முடிந்துபோனவர்கள் என்று நான் நினைத்திருந்தேன். எட்டு மாத வயிற்றோடு ஒரு யூதப்பெண் சேலத்தில் என் முன்னால் நின்று மலையாள வாடையில் தமிழ் பேசுவாள் என்று யார் கண்டது. கிளார்க் ஒரு கோடு போட்டு அடித்துத் திருத்தி எழுதினார்.

ஊசி போட அவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். போகப்போக எல்லாம் நம்ம ஊர்ப் பழக்கம் மாதிரியே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுவாள், நம் வீட்டிலும் அதுதானே. தலைப்பிரசவத்துக்குத் தாய்மாமன் வந்திருந்தார், நமக்கும் தாய்மாமன்தானே எல்லாம். கறி தின்றால் பால் சேர்க்கமாட்டாள், நாமும் மீனுக்கு மேல் தயிர் சாப்பிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் நம்முடையதில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, சரி, இவ்வளவுதான் என்று மூடிவிடுவேன். அவள் விளக்கிச் சொல்ல வாயெடுத்தாலும், "தெரியுங்க, எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க" என்பேன். அவளும் பேசாமல் சிரித்துவிடுவாள்.

அந்தத் தாய்மாமன், அதாவது சிப்போராவின் அண்ணன், பெயர் எலியாசர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, எப்போதும் ஒரு குடை, டீயில் சர்க்கரை வேண்டாம் என்பார். அப்பா இல்லாத தங்கையை வளர்த்தவர் அவர்தான். எர்ணாகுளத்தில் அவர்கள் ஆட்களுக்குக் கோழி அறுத்துக் கொடுப்பவர். நம் கசாப்புக் கடை மாதிரி கண்டவர்கள் அறுக்க முடியாதாம், அதற்கென்று படித்திருக்க வேண்டுமாம். ஒருநாள் நான் போனபோது கத்தியைச் சோதித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் ஒரு முறை, நகத்தின் மேல் ஒரு முறை, போகும்போதும் வரும்போதும் மெதுவாக இழுத்தார். மயிரளவு பிசிறு இருந்தாலும் அந்தக் கத்தி ஆகாது, கோழிக்கு நோகும் என்றார். எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் பிளேடை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஆண் குழந்தை பிறந்தால் எட்டாம் நாள் சுன்னத் செய்கிறவரும் அவரே என்று ஐசக் சொன்னார்.

வைகாசி பிறந்த புதிது, ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் சிப்போரா வலி கண்டு சேர்ந்தாள். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் பிரசவ அறைக்கு மாற்றினோம். அவள் அந்த வலியிலும், "வெளக்கு கொளுத்தியோ என்னு கேளுங்க" என்றாள். வெளியே போய்க் கேட்டேன். அவள் கட்டில் இருந்த அறையில் ஐசக் இரண்டு எண்ணெய் விளக்கு ஏற்றியிருந்தார். வராந்தா பெஞ்சில் மாமா சின்னப் புத்தகம் ஒன்றை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தக் குடை.

பாங்கு கேட்டபோது தலை இன்னும் தெரியவில்லை. மேட்ரன் பரிசோதித்துப் பார்த்து, "இன்னும் நேரமிருக்கு, நீ பார்த்துக்க. தொழுதுட்டு வந்துர்றேன்" என்று போனார். அவர் கணக்கு அன்றைக்குத் தப்பியது. பாங்கு ஓய்ந்ததும் இரண்டு முக்கு முக்கினாள், தலை வந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் முழுக் குழந்தையும் என் கையில். ஆண். கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு நாற்பத்தொன்று. மேட்ரன் திரும்பி வந்தபோது கொடியை அறுத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தையைத் துடைத்துச் சுற்றிய பிறகு பதிவேட்டில் எழுதப் போனேன். பழக்க தோஷம், கண் காலண்டருக்குப் போனது. கார்த்திகை நட்சத்திரம் மாலை 6.30 வரை, பிறகு ரோகிணி. எனக்குச் சுருக்கென்றது. ரோகிணியில் ஆண் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் ஊரில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். கதவிடுக்கில் பார்த்தால் வராந்தாவில் அந்த மனுஷர் குடையோடு உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. ஆறு இருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே போய்ச் சொன்னதும் ஐசக், "எத்தனை மணிக்கு சிஸ்டரே?" என்றார்.

"ஆறு இருபத்தஞ்சுங்க."

"அப்போ வெளிச்சம் உண்டாயிருந்ததா? சூரியன் போறதுக்கு முன்னாடியா?"

எங்கள் ஜனம் கேட்பது போல இவரும் நல்ல வார்த்தை எதிர்பார்த்துக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். "நல்ல வெளிச்சமுங்க" என்றேன். மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், மனதுக்கு நிறைவாக இருந்தது. படிவத்தை நீட்டினால் ஐசக் பேனாவைத் தொடவில்லை. இன்றைக்கு அந்தி சாய்ந்ததும் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிட்டதாம், எழுதக்கூடாதாம். நாளை இருட்டிய பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பிள்ளை பிறந்த படிவத்தில் கையெழுத்துப் போடக்கூட நாள் பார்க்கிற ஆள் என்று வார்டு ஆயாவிடம் கேலி செய்தேன்.

தலைப்பிரசவம் என்றால் அப்போதெல்லாம் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைப்போம். வியாழக்கிழமை காலை ஐசக் மேட்ரனைப் பார்க்க வந்தார். நாளைக்கு அந்த அறையிலேயே சடங்கைச் செய்ய அனுமதி வேண்டும், வெந்நீரும் பஞ்சும் ஒரு பேசினும் வேண்டும். "போன வெள்ளி ஆறு இருபத்தஞ்சு. சூரியன் மறையறதுக்கு முன்னாடி. அப்போ நாளை வெள்ளி எட்டாம் நாள்" என்று விரல்விட்டு எண்ணினார். நான் மேசை ஓரத்தில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மேட்ரன் அனுமதி தருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "பாங்கு சொல்றப்ப மணி ஆறு முப்பத்திநாலு. நான் தொழப் போறப்ப பிள்ளை பொறக்கல."

நான் கையிலிருந்த மருந்துப் புட்டியைக் கீழே வைத்தேன்.

"எத்தனை மணி?"

"ஆறு நாப்பத்தொண்ணுங்க."

"ஏன் மாத்தினே?"

சொன்னேன். ரோகிணி, தாய்மாமன், எல்லாம். "பதினாறு நிமிசந்தானுங்களே மேட்ரனம்மா" என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"உனக்குப் பதினாறு நிமிஷம். அவங்களுக்கு ஒரு நாள்" என்றார். "எங்களுக்கும் அப்படித்தான். வியாழக்கிழமை பொழுது சாஞ்சா எங்க கணக்குல வெள்ளி பொறந்துருச்சு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு யாருக்கும் நாள் மாறாது பாவாயி, அது கடிகாரக் கம்பெனிக்கு மாறுது. அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை பொறக்கல. நாளைக்குச் செஞ்சாங்கன்னா ஏழாம் நாள் செஞ்சதா ஆகும். அவங்க கிட்டச் சொல்லாம விடலாமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான். பதிவேட்டில் பொய் எழுதியதற்கு என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் யாரும் கேட்க முடியாது. என் சம்பளத்தில் தம்பி பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். பயம் அது ஒன்றில்லை. தங்கை பிள்ளைக்குத் தன் கையால் செய்ய வேண்டும் என்று கத்தியைத் தீட்டி வைத்திருக்கிற மனுஷரின் கையாலேயே தப்பு நடக்க நான் வழி செய்திருக்கிறேன். அழுகை வந்தது. மேட்ரன் அழுது முடிக்க விட்டார்.

"நீங்க சொல்லிருங்கம்மா" என்றேன்.

"எழுதினது நீ. நீயே போய்ச் சொல்லு. நான் கூட வந்து நிக்கறேன்."

நின்றார். அறையில் மூவரும் இருந்தார்கள். சிப்போரா பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். ஐசக் முகம் சிவந்துவிட்டது. "வெளிச்சமா என்னு நான் கேட்டேனே, கேட்டேனே" என்று இரண்டு முறை சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மாமா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். பிறகு கோர்ட்டில் கேட்பது போல் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆனால் கடிகாரத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"தலை முழுக்க வெளியே வந்தப்போ பாங்கு சொல்லிக்கொண்டிருந்தாங்களா, தீர்ந்ததா?"

"தீந்துருச்சுங்க. தீந்து ரெண்டு மூணு நிமிசம் இருக்கும்."

"சன்னல்ல என்ன கண்டீங்க?"

யோசித்தேன். பிரசவ அறை சன்னலின் மேல் கண்ணாடி மட்டும் சாயம் பூசாதது. "செவப்பா இருந்துச்சுங்க. இருட்டல."

"நட்சத்திரம்?"

"பாக்கலீங்க." பிறகு பொய் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது என்று, "ஆனா நான் மேல பாக்கவே இல்லீங்க" என்றும் சேர்த்தேன்.

அவர் தலையசைத்தார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்தது போலிருந்தது. பிறகு ஐசக்கிடம் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு எனக்காகத் தமிழில் சொன்னார்: "வெள்ளி வேண்டா. சனியும் வேண்டா. ஞாயிறு."

மேட்ரனே, "சனி ஏன் இல்லை?" என்று கேட்டார். அவருக்கும் இது புதிது.

சூரியன் போய் நட்சத்திரம் வராத நேரம் எந்த நாளுக்குச் சொந்தம் என்று யாருக்கும் தெரியாது என்றார். அது வெள்ளியாக இருக்கலாம், சனியாக இருக்கலாம். வெள்ளியன்று செய்தால் ஒருவேளை ஒரு நாள் முந்திவிடும். முந்திச் செய்தால் செய்ததே ஆகாது. சனி அவர்கள் ஓய்வு நாள். அன்றைக்குக் கத்தியைத் தொட வேண்டுமானால் அதுதான் எட்டாம் நாள் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஓய்வு நாளை மீறக்கூடாது. அதனால் இரண்டையும் விட்டு ஞாயிறு. இதற்கு அவர்கள் பெரியவர்கள் எப்போதோ வழி எழுதி வைத்துவிட்டார்களாம். எங்கள் ஜோசியர்கள் சந்தேகம் வந்தால் இரண்டில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். இங்கே சந்தேகத்துக்கே ஒரு சட்டம் இருந்தது. இவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான் என்று நான் மூடி வைத்ததெல்லாம் அந்த ஸ்டூலில்தான் திறந்துகொண்டது.

கடைசியாகக் கேட்டார்: "எதுக்கு சிஸ்டரே மாத்தினீங்க?"

இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "ரோகிணியில பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. நீங்க அங்க பெஞ்சுல உக்காந்திருந்தீங்க" என்றேன்.

ஐசக்கின் கோபம் அந்த இடத்தில்தான் இறங்கியது. சிப்போரா அண்ணனைப் பார்த்தாள். அவர் குடைக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஆயுசு கூட்டணும் என்னு நெனச்சு, அவனுக்கு ஒரு நாள் கொறைச்சீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எனக்குள்ளது எனக்கு வரும். அவன் நாள் அவனுக்கு இருக்கட்டும்."

ஞாயிறு காலை சடங்கு. மேட்ரன் தன் பொறுப்பில் அந்தக் கத்தியைக் கொதிக்க வைத்துத் தட்டில் கொண்டுவந்தார். மாமா நன்றி சொல்லிவிட்டு அதையும் நகத்தில் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பட்டுத் துணி விரித்த நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. பஞ்சுத் தட்டை நான் அதில் வைக்கப்போக, ஐசக் தடுத்து வாங்கிக்கொண்டார். எப்போதோ வாழ்ந்த தீர்க்கதரிசி ஒருவர் ஒவ்வொரு பிள்ளையின் சடங்குக்கும் வந்து உட்காருவாராம். "எங்க ஊட்லயும்" என்று வாய்வரை வந்தது, முழுங்கிக்கொண்டேன். ஐசக் மடியில் குழந்தை. மாமா எபிரேய மொழியில் ஒன்று சொன்னார், கை அசைந்தது, முடிந்துவிட்டது. நான் பஞ்சைப் பிரிப்பதற்குள் முடிந்துவிட்டது. தொழில்காரியாகச் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான கையை நான் அதிகம் பார்த்ததில்லை. திராட்சை ரசத்தில் நனைத்த துணியைச் சப்பக் கொடுத்ததும் குழந்தை அழுகையை விட்டது. தாவீது என்று பெயர் வைத்தார்கள்.

அன்று மத்தியானம் மேட்ரன் பதிவேட்டைத் திறந்து வைத்து என்னைக் கூப்பிட்டார். 6.25 மேல் ஒரு கோடு போட்டேன். மேலே 6.41 என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "தவறு" என்று எழுதப் போனேன். "தவறுன்னா கை தவறுனதும் தவறுதான்" என்றார். "தெரிந்தே மாற்றி எழுதினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். மூன்று மாதம் பிரசவ அறைக்கு வெளியே, கருவி கொதிக்க வைக்கும் அறையில் வேலை. விஷயம் அதற்கு மேல் டாக்டரிடமும் போகவில்லை, வேறு யாரிடமும் போகவில்லை.

திரும்பி வந்த பிறகு கடிகாரம் காட்டியதைத்தான் எழுதினேன். ஜலகண்டாபுரத்து அம்மா அடுத்த பேரனுக்கு வந்தபோது, "ஏனுங்க சிஸ்டர், நம்மளுக்கு ஒரு அஞ்சு நிமிசம் தள்ளிப் போடக்கூடாதுங்களா" என்று கெஞ்சினார். முடியாது என்றேன். கைராசி போய்விட்டது என்று பேச்சு வந்தது. சிரமமாகத்தான் இருந்தது.

அடுத்த சித்திரையில், குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்னால், மாமா எர்ணாகுளத்தில் இறந்துபோனார். எங்கள் வார்டு ஆயாதான் வந்து சொன்னாள், ஐசக் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனதை வைத்து. "பாத்தியா கண்ணு, ரோகிணி சும்மா உடுமா" என்றாள். நான் படித்தவள், மருந்து தெரிந்தவள். ஆனாலும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. நான் எழுதிய மணியை அப்படியே விட்டிருந்தால் என்று சில நாள் நினைப்பேன். மணியை மாற்றினால் நட்சத்திரம் மாறிவிடுமா என்று நானே என்னைத் திட்டிக்கொள்வேன். இதை மேட்ரனிடம்கூடச் சொன்னதில்லை. ஐசக் குடும்பம் திரும்பி வந்தும் நான் அந்தத் தெருப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஐசக் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போகிறார்கள், பிறந்த பதிவின் நகல் வேண்டும். மேட்ரன் அப்போது விடுப்பில் இருந்தார், நான்தான் பழைய பதிவேட்டை எடுத்தேன். அடித்த 6.25, மேலே 6.41, அந்தக் காரணம், இரண்டு கையெழுத்து. இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்தோம். நகலில் 6.41 மட்டும் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன். தாவீது பள்ளிக்கூடம் போகிறான், கணக்கில் கெட்டி என்றார். சிப்போரா விசாரித்தாள் என்றார். மாமாவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

படி இறங்கியவர் திரும்பி வந்தார்.

"மறந்துட்டேன் சிஸ்டரே. மாமா கடைசியா ஆஸ்பத்திரியில் கிடந்தப்போ உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நீங்க அந்தப் பக்கம் வரவே இல்ல, அதனால சொல்ல முடியாம போச்சு."

"என்னங்க?"

"சேலத்து சிஸ்டரைக் கண்டா சொல்லு, எனக்கு இருபது வருஷமா சர்க்கரை என்னு."